வேலைநாள் இலையின் மணம்

நியூசிலாந்து விசா எங்களுக்குக் கிடைத்தது என் மனைவி டொக்டர் என்பதால்தான். அவளுடைய பட்டத்துக்குக் குடிவரவுப் புள்ளிகளை அள்ளிப் போட்டார்கள். இரசாயனவியல் வாத்தியாரான நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். வந்து இறங்கின பிறகுதான், இங்கே வைத்தியம் பார்ப்பதென்றால் இந்த நாட்டுப் பரீட்சையைப் பாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். அட, இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே! புள்ளி போடுகிற அரசாங்கக் கந்தோருக்கும் பரீட்சை வைக்கிற கந்தோருக்கும் கதைபேச்சு இல்லையாம்.

எழுத்துப் பரீட்சையை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். இடறியது செய்முறைப் பரீட்சையில். வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வொரு அறையிலும் நோயாளியாக நடிக்க ஒருவர், புள்ளி போட ஒரு பரீட்சகர். சில நிமிடங்களுக்குள் கேட்க வேண்டியதைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து, வருத்தம் இன்னது என்று சொல்ல வேண்டும். மணி அடித்தால் அடுத்த அறை. இரண்டு தரம் போனாள். இரண்டு தரமும் பாதியில் எல்லாம் மறந்துபோய் முழுசிக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். எங்களுக்குச் சொல்லப்பட்ட சட்டத்தின்படி மூன்று தரம்தான். மிஞ்சியிருந்தது ஒன்று.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு சின்ன யூனிட்டில் வாடகைக்கு இருந்தோம். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்தாள். கிழடுகளைக் குளிப்பாட்டுவது, தூக்கி இருத்துவது, வாயில் சாப்பாடு தீத்துவது. ஊரில் ஒரு ஆஸ்பத்திரி வாட்டையே கட்டி ஆண்டவள். ஒருநாள் தாதி ஒருத்தி பிழையான மருந்துக் குளிசையை எடுத்து நீட்ட, இவள் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்துவிட்டாள். "உன் வேலையை நீ பார்" என்று சொன்னார்களாம். அந்தக் களைப்போடு வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தால் என்ன ஏறும்? ஒரே பக்கத்தை நாலு தரம் வாசிப்பாள். பிறகு நிமிர்ந்து என்னிடமே கேட்பாள்.

"இஞ்சேருங்கோ, நான் இப்ப என்ன வாசிச்சனான்?"

எனக்கும் அந்த வருடம் சரியில்லை. ஊரில் என் தம்பி செத்த செய்தி கடிதத்தில் வந்தது, அவனைப் புதைத்து ஆறு கிழமைக்குப் பிறகு. வாசித்தேன். மடித்தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் தேவாலயச் சபைச் சனம் துக்கம் விசாரிக்க வந்தது. அவர்கள் அழுதார்கள், நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி எத்தனை கரண்டி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் போட்டேன். கல்நெஞ்சுக்காரன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திராது. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அப்படி ஒரு வருடம் போனது. தட்டினேன், ஒன்றும் இல்லை. மனைவி அழச் சொன்னாள். அழுகை கேட்டால் வருகிற சாமானா என்ன.

எல்லர்ஸ்லியில் ஒரு சிறு ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. பியர் காய்ச்சுகிறவர்களுக்கு ஹொப்ஸ் பூவின் எண்ணெயைச் சோதித்துக் கொடுப்போம். சோப்புச் செய்கிறவர்களுக்கு லவண்டர் எண்ணெய், மனுக்காச் செடி எண்ணெய். ஒரு துளியை மெஷினுக்குள் விட்டால், அது ஒவ்வொரு மணத்தையும் வேறு வேறாகப் பிரித்து, கடதாசியில் மலை மலையாகக் கீறித் தரும். எந்த மலை எவ்வளவு உயரம் என்று பார்த்து, எந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுவது என் பாடு. அந்தச் சாமான்களில் முக்கால்வாசிக்குப் பொதுப்பெயர் டெர்பீன். பைன் மரத்து மணம் பைனீன். தேசிக்காய்த் தோலின் மணம் லிமொனீன். ஹொப்ஸிலும் நன்றாகப் பழுத்த மாம்பழத்திலும் வருவது மிர்சீன். நாள் முழுக்க ஹொப்ஸுக்கு நடுவில் நின்று என் மூக்கு செத்துப்போயிருந்தது. வீட்டில் கறி அடிப்பிடித்தால் புகையைக் கண்ணால் கண்டுதான் எனக்குத் தெரியவரும்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு வெள்ளையர். ஐம்பது வயது, நெஞ்சுவரை தாடி. தாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். தன் வீட்டுக் கண்ணாடிக் கொட்டிலில், தக்காளிக்குப் பின்னால், இரண்டு கஞ்சாச் செடி வளர்த்தார். அது அப்போதும் குற்றம்தான். அவர் என்னவோ கத்தரிக் கன்று வைத்ததுபோலத்தான் சொன்னார். ஒன்றுக்கு வேலைநாள் இலை என்று பெயர் வைத்திருந்தார், மற்றதுக்கு விடுமுறை இலை. வேலைநாள் இலையைப் புகைத்தால் பழைய ரேடியோவைக் கழற்றி ஒரு திருகாணி தவறாமல் திரும்பப் பூட்டுவாராம். விடுமுறை இலை என்றால் ஒரே பகிடியை மூன்று தரம் சொல்லுவாராம், மூன்று தரமும் புதுசுபோலச் சிரிப்பாராம். போதை தருகிற சரக்கு இரண்டிலும் ஒன்றுதான், மண்டையைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பது மணம்தான் என்பது அவருடைய கட்சி.

ஒரு மத்தியானம், முதலாளி வெளியே போன நேரம் பார்த்து, இரண்டு இலையின் எண்ணெயையும் மெஷினில் விட்டார். கடதாசி வந்தது. வேலைநாள் இலையில் பைனீன் மலை உச்சிக்குப் போயிருந்தது. பக்கத்தில் லிமொனீன், அதற்குக் கீழே கொஞ்சம் மிர்சீன். விடுமுறை இலையில் மிர்சீன்தான் ராசா, மற்றதெல்லாம் அதற்குக் காவல்காரர். "பார்த்தாயா? நான் சொன்னேனா இல்லையா?" என்று என் முதுகில் ஒரு அறை விட்டார்.

இப்போது கஞ்சாவைக் கடையில் விற்கிற நாடுகளில் டெர்பீன்களின் பெயரைப் பெட்டியில் எழுதி, இது கவனத்துக்கு, இது ஞாபகத்துக்கு, இது நித்திரைக்கு என்று விற்கிறார்களாம். எனக்குத் தெரிந்தவரை அது இன்னும் அரைகுறையாகத்தான் நிரூபணமாகியிருக்கிறது. அன்றைக்கு என்னிடம் இருந்ததோ ஒரு தாடிக்காரரின் பேச்சும் இரண்டு கடதாசியும்தான்.

ஆனாலும் வாத்தியாருக்குச் செய்து பாராவிட்டால் திருப்திப்படாதே. பின்கதவுக்கு வெளியே நின்று வேலைநாள் இலையில் இரண்டு இழுவை இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதம் வாசிக்கிற ஆள் நான். குற்றவுணர்வாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. உள்ளே போய் ஒரு பெட்டி நிறைந்த போத்தல்களுக்கு லேபிள் எழுதினேன். நிமிர்ந்தபோது பின்னேரமாகியிருந்தது. ஒரு பிழை இல்லை. அடுத்த கிழமை விடுமுறை இலை. அன்றைக்கு வேலை முடிந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்த மனைவி எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"கார் எங்க?"

காலையில் காரில்தான் வேலைக்குப் போயிருந்தேன். அது எல்லர்ஸ்லியில் நிற்கிறது என்ற ஞாபகம், அவள் கேட்கிறவரைக்கும் எனக்கு இல்லை.

"ஸ்டார்ட் வரேல்ல" என்றேன். அதுதான் முதல் பொய்.

இந்த இரண்டு நாளையும் வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தாடிக்காரர் சொன்னது சரி. அப்படியென்றால், போதையை விட்டுவிட்டு மணத்தை மட்டும் எடுத்தால் என்ன?

யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போது பேனையை மறந்தாலும் லேஞ்சியை மறக்க மாட்டார்கள். கைக்குட்டையைத்தான் நாங்கள் லேஞ்சி என்கிறோம். அதில் ஓடிக்கொலோன் வாசனைத் திரவம் நாலு துளி விட்டு, மடித்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு போவார்கள். கேள்வி கடினமென்றால் மூக்கில் ஒருதரம், தலை சுற்றினால் இன்னொருதரம். என் மனைவி மருத்துவப் படிப்பு முழுவதையும் அப்படித்தான் தாண்டினவள். இங்கே தோற்ற இரண்டு தரமும்கூட அவள் கையில் லேஞ்சி இருந்தது. ஓடிக்கொலோனுக்குத்தான் வல்லமை காணாது என்று நினைத்தேன்.

ஆய்வுகூடத்து அலுமாரியில் பைனீனும் லிமொனீனும் சுத்தமாகவே இருந்தன. மிர்சீன் போத்தல் முடிந்திருந்தது. ஹொப்ஸ் எண்ணெயில்தான் மிர்சீன் கொட்டிக் கிடக்கிறதே என்று அதை விட்டேன். பைனீன் மட்டும் போதாதோ என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் வாத்தியார் புத்தி, கடதாசியில் இருந்தது இருந்தபடி வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கூட்டினேன், குறைத்தேன், மெஷினில் விட்டுப் பார்த்தேன். மலைக்கு மலை பொருந்தும்வரை நாலு மத்தியானம் சாப்பிடாமல் மெனக்கெட்டேன். கடைசியில் பொருந்தியது. முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒரு மணமும் வரவில்லை. அப்படியே ஓடிக்கொலோனில் கலந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மனைவி மூடியைத் திறந்த கையோடு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன கோதாரி மணமப்பா இது! மரநாய் படுத்த பத்தை மாதிரி."

"மருந்தெண்டா அப்பிடித்தான் இருக்கும். டொக்டருக்கு நான் சொல்லித் தரோணுமே? படிக்கேக்க மணந்து பாரும், தலை தெளியும்."

"எதில இருந்து எடுத்தது?"

"பைன், தேசிக்காய்... மரஞ்செடியில இருந்துதான்."

அது பொய் இல்லை. எந்தச் செடியைப் பார்த்துச் செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. போதைச் சரக்கு ஒரு துளிகூட அதில் இல்லையே, பிறகு எதற்கு அவளைக் குழப்புவான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் மேசையில் எதிரெதிரே இருந்தோம். அவள் லேஞ்சியை மூக்கடியில் வைத்துக்கொண்டு வாசிப்பாள். கொஞ்ச நேரத்தில் நான் புத்தகத்தைப் பறித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். ஈரல் வீங்க என்னென்ன காரணம்? நாலு சொன்னாள். அடுத்த கிழமை ஏழு சொன்னாள். அதற்கடுத்த கிழமை புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்து எட்டுச் சொல்லிவிட்டு, "அதையும் எழுதி வையுங்கோ" என்றாள். சில நாள் நானே நோயாளியாகக் கதிரையில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். அவள் அடக்கமாட்டாமல் சிரிப்பாள்.

"நெஞ்சுநோக்காரன் இப்பிடியே முனகுவான்? நீர் பிள்ளை பெறப் போறவள் மாதிரியெல்லே கத்துறீர்!"

என்னை அவள் நீங்கள் என்றுதான் சொல்லுவாள். நல்ல சந்தோஷம் வந்தால் மட்டும் 'நீர்' வரும். அந்த நீரைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இன்னொருதரம் முனகிக் காட்டினேன்.

இன்றைக்கு யோசித்தால், அவளுடைய ஞாபகத்தைத் திருத்தியது அந்த மணமா, அல்லது ஒருத்தன் தினமும் முன்னால் இருந்து கேள்வி கேட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு நான் மணத்தின் பக்கம். என் கையால் செய்த சாமான் அல்லவா. எனக்கு மணக்காதபடியால் காணாது, காணாது என்று துளிகளைக் கூட்டிக்கொண்டே போனேன்.

லேஞ்சி சபைக்கும் வந்தது. ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் மன்னார் அன்ரி ஒருவர் என் மனைவியின் கையைப் பிடித்து முகர்ந்தார்.

"பிள்ளை, இதென்ன தைலம்? நல்ல மூலிகை மணம். மணந்த உடன எனக்குத் தலையிடி விட்டமாதிரிக் கிடக்கு. எனக்கும் ஒரு சின்னப் போத்திலில தாருமன்."

கொடுத்தோம். அதைக் கண்டு இன்னொரு அன்ரியும் கேட்டார். அவருக்கும் கொடுத்தோம். முன்வரிசையில் இருந்த பாதிப் பேர் அதை மணந்துகொண்டு செபம் பண்ணினார்கள், ஒருவருக்காவது என்ன மணம் என்று பிடிபடவில்லை. பிடிபடுவதற்கு எங்கள் சனத்துக்குக் கஞ்சா எங்கே பழக்கம்? பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லவே கூசுகிற சாமான் அது.

பக்கத்துத் தெரு டெய்ரியை, அதாவது பெட்டிக்கடையை, நடத்தினவர் பிஜிக்காரர், தென்னிந்திய வம்சம். ஆங்கிலத்துக்கு நடுவில் நாலு தமிழ்ச் சொல் போடுவார். பால் வாங்கப் போன இடத்தில் என் மனைவி லேஞ்சியால் முகத்தைத் துடைத்தாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அக்கா, வீட்ல சந்தோஷமா?"

"ஓம், பரீட்சைக்குப் படிக்கிறன்" என்றாள் இவள்.

"படிக்கவா! ஆமா, ஆமா, நல்லா படிங்க." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், பால் பையோடு ஒரு சிப்ஸ் பைக்கற்றையும் காசில்லாமல் போட்டுத் தந்தார். "வச்சுக்கோங்க, அப்புறம் பசிக்கும்."

என்ன தங்கமான மனிதன் என்று கதைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலையில், மனுகாவ் பக்கத்தில். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். காரை நிறுத்தியதும் இருவரும் கண்ணை மூடிச் செபம் பண்ணினோம். "கர்த்தாவே, இந்த ஒருக்கா மட்டும்" என்றாள். புது லேஞ்சியில் வழமையைவிட நாலு துளி கூட விட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனாள். அவளுடைய முதுகைப் பார்த்ததும், பாஸ் பண்ணிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதையும் நிச்சயமாக நினைத்து வெகுகாலமாகியிருந்தது. பக்கத்துக் கடைத்தொகுதியில் ஒரு பை வாங்கித் தின்றேன். பை என்றால் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது. ருசி ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது அவள் காருக்குப் பக்கத்தில் நின்றாள். ஏறினாள். சீட் பட்டியைப் போட்டுக்கொண்டாள். முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"அது கஞ்சா மணமாம்."

நான் கார்த் திறப்பைப் போட்ட கையை எடுக்கவில்லை.

"முதல் ரெண்டு அறையும் நல்லாச் செய்தன். மூண்டாம் அறையில ஒரு வயசான டொக்டர் மனிசி. நான் கதைக்கக் கதைக்க மூக்கை உறிஞ்சினா. நான் எல்லாம் சொல்லி முடிச்ச பிறகு பேனையை வைச்சிட்டு, கையில என்ன எண்டு கேட்டா. என்ர அவர் ஞாபகசக்திக்குச் செய்து தந்தது எண்டு சொன்னன். பெருமையாச் சொன்னன்."

"பிறகு?"

"பக்கத்து அறையில கொண்டுபோய் இருத்திச்சினம். ஒராள் வந்து நாடி பிடிச்சார். நேர்கோட்டில நடக்கச் சொன்னார், நடந்தன். கண்ணுக்குள்ள ரோச் லைற் அடிச்சுப் பாத்தார். நான் மற்றவைக்கு அடிக்கப் போன ரோச்சை எனக்கு அடிச்சினம்."

அவளுக்குப் போதை இல்லை என்று கண்டுகொண்டார்களாம். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லையாம். இழந்த நேரத்தைக்கூடச் சேர்த்துக் கொடுத்தார்களாம். லேஞ்சியை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மிச்ச அறைகளைச் செய்யச் சொன்னார்களாம். செய்யப் போனாள். ஒரு அறையில் காய்ச்சல்காரப் பிள்ளையின் தாய். அடுத்ததில் நெஞ்சுநோக்காரர். கடைசியில் புதிதாகச் சலரோகம், அதுதான் சீனிவருத்தம், கண்ட ஒரு மனிதர், அவருக்கு ஊசி போடும் முறையை விளங்கப்படுத்த வேண்டும். மூன்று இடத்திலும் பெயரைச் சொன்னாள், கதிரையில் இருந்தாள், மணி அடிக்கும்வரை அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் என்னை மணக்கினம் என்ற ஒன்றைத் தவிர அவளுடைய தலைக்குள் வேறொன்றும் இருக்கவில்லை.

நான் காரை எடுத்தேன். மோட்டர்வேயில் ஏறின பிறகு அவள் மெல்லிய குரலில் தொடங்கினாள்.

"பிள்ளைக்கு எத்தனை நாளாக் காய்ச்சல் எண்டு முதல்ல கேக்கோணும். சத்தி எடுத்ததோ, வெளிச்சத்தைப் பாக்கக் கூசுதோ. பிறகு கழுத்து விறைப்புப் பாக்கோணும். தோலில புள்ளி போட்டிருக்கோ எண்டு பாக்கோணும், கண்ணாடிக் கிளாசால அமத்திப் பாத்து, மறையேல்லையெண்டா உடன ஆஸ்பத்திரி..."

தாய் முடிந்து நெஞ்சுநோக்காரருக்கு வந்தாள். நோ கைக்கு ஓடுகிறதா, தாடைக்கு ஓடுகிறதா, என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம். அது முடிந்து சலரோகக்காரருக்கு வந்தாள். ஊசியை எங்கே குத்துவது, எப்படி இடம் மாற்றுவது, சீனி இறங்கினால் என்ன செய்வது. தங்குதடை இல்லை. நான் எத்தனையோ பின்னேரம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டவன், எனக்குத் தெரியும். ஒன்றுகூடப் பிழை இல்லை. மூன்று அறைக்குமான பதிலையும் முழுசாகச் சொல்லி முடிக்க பிளாக்ஹவுஸ் பே வந்துவிட்டது.

திங்கட்கிழமை தாடிக்காரரிடம் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ஹொப்ஸும் கஞ்சாவும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று தெரியாதா, ஹொப்ஸ் எண்ணெயை விட்டால் தெருமுனையில் நிற்கிறவனுக்கும் கஞ்சா மணக்குமே என்று கேட்டார். தெரியும். பாடப் புத்தகத்தில் இருந்தது, பிள்ளைகளுக்கும் படிப்பித்திருக்கிறேன். "அப்போ ஒருதரமாவது என்னிடம் மணக்கத் தந்திருக்கலாமே" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. கடதாசியில் மலைக்கு மலை பொருந்தியிருந்ததே.

அன்ரிமாரிடம் போய்ப் போத்தல்களைத் திருப்பிக் கேட்டேன். ஒருவர் தந்தார். மற்றவர், "முடிஞ்சுபோச்சு தம்பி, அடுத்தமுறை கொஞ்சம் பெரிசாத் தாரும்" என்றார்.

வீட்டில் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். கேட்பாள், கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்காமலே நான் சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. பயத்தால் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். எனக்குப் பயமும் இருக்கவில்லை. மரத்துப்போய்க் கிடந்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே பிரித்தாள். மூன்று அறையில் சித்தி, மூன்று அறையில் சித்தியில்லை, ஆகவே மொத்தத்தில் சித்தியில்லை. லேஞ்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குற்றமும் இல்லை, குறையும் இல்லை. இனி விண்ணப்பிக்க முடியாது என்பதை மட்டும் வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள்.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"அது என்ன மணம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"மூக்கில தெரியாது" என்றேன். "என்னத்தைப் பாத்துச் செய்தனான் எண்டு தெரியும்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீர் வேண்டாம் எண்டிருப்பீர்."

"ஓம், வேண்டாம் எண்டிருப்பன்" என்றாள். "பாஸ் பண்ணியிருப்பன்."

உள்ளே போய், பராமரிப்பாளர் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பின்னேர ஷிப்ட்.

"வெளிக்கிடுங்கோ, நேரம் போச்சு."

நான் காரை எடுத்தேன். அந்த இல்லத்தில் அவள் இன்னும் பத்தொன்பது வருடம் வேலை செய்தாள்.